உப்பு போட வேண்டிய நேரம்

ஒரு பெண்ணின் பிழைப்பை நான் கெடுத்தேன். ஒரு கைப்பிடி உப்பால் கெடுத்தேன். பிறகு அவள் என்னிடமே வந்து கேட்டபோது, முகத்தைப் பார்த்துப் பொய் சொன்னேன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இனி எழுதப்போவதில் பெருமை நிறைய வரும். அதை மட்டும் படித்துவிட்டு யாரும் என்னை நல்லவன் என்று எண்ணிவிடக் கூடாது.

நாட்டுக்கு விடுதலை வந்து சில ஆண்டுகள் ஆகியிருந்தன. நான் இன்டர்மீடியட் தேறி, திருவொற்றியூரில் ஒரு பட்டறையில் இயந்திரப் பாகங்களுக்குப் படம் வரையும் வேலையில் இருந்தேன். லாரிக்கும் மோட்டார் படகுக்கும் உதிரிப் பாகங்கள் செய்யும் பட்டறை அது. அப்பாவுக்குக் காலடிப்பேட்டையில் மளிகைக்கடை. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்த குடும்பம், வீட்டில் சைவம்.

எங்கள் ஃபோர்மேன் ராயபுரத்து ஆங்கிலோ இந்தியர். அவர் வந்த பிறகு பட்டறையில் ஒரு வழக்கம் ஏற்பட்டது. கோடையில் ஒரு சனிக்கிழமை, மதியத்தோடு வேலையை நிறுத்திவிட்டு எல்லோரும் கம்பெனி லாரியில் ஏறி எண்ணூர்க் கடற்கரைக்குப் போவோம். சவுக்குத் தோப்பு ஓரத்தில் நெருப்புப் போட்டு மீன் சுட்டுத் தின்போம். அவர் அதற்கு பார்பெக்யூ என்று பெயர் சொல்வார். எங்கள் ஆட்களின் நாக்கில் அது நிற்கவில்லை. ‘மீன் சுடுற நாள்’ என்றே சொன்னார்கள். பழைய எண்ணெய்ப் பீப்பாயை நீளவாக்கில் அறுத்து, கால் பற்றவைத்து, மேலே கம்பி வலை போட்டு அடுப்பைச் செய்தது எங்கள் பையன்கள்தான். அப்படியோர் அடுப்பு ராயபுரம் கிளப்புகளில்கூடக் கிடையாது என்று ஃபோர்மேன் சொல்லும்போது பட்டறை முழுக்க நெஞ்சை நிமிர்த்திக்கொள்ளும். மதுவிலக்குக் காலம். குடிப்பதற்கு மோரும் கலர் சோடாவும்தான்.

முதல் வருடம் நான் போய் இரண்டு வாழைப்பழத்தைத் தின்றுவிட்டு உட்கார்ந்திருந்தேன். மீன் தின்னாத ஒருவன் இருப்பான் என்று யாருக்கும் தோன்றவில்லை. அடுத்த வருடம் எனக்கான சாப்பாட்டை நானே செய்துகொண்டு போனேன். வெள்ளரிப்பிஞ்சு, கிளிமூக்கு மாங்காய், தர்பூசணி, சின்ன வெங்காயம், நுங்கு, கொஞ்சம் புதினா. எல்லாவற்றையும் நறுக்கி ஒரு அகன்ற எனாமல் பேசின் பாத்திரத்தில் போட்டு எலுமிச்சை பிழிந்தேன். அவ்வளவுதான். மீன் தின்றவர்கள் ஒவ்வொருவராக வந்து கை நீட்டினார்கள். நெருப்பிலிருந்து இறங்கிய கானாங்கெளுத்தியின் காரமும் கரியும் நாக்கில் இருக்கும்போது, குளிர்ந்த ஒரு துண்டு தர்பூசணியும் ஒரு துண்டு மாங்காயும் சேர்ந்து வாயில் விழுந்தால் எப்படி இருக்கும் என்பதை அவர்கள் முகத்தில்தான் பார்த்தேன். நான் மீனைத் தொட்டதில்லை. ஆனால் மீனுக்குத் துணை எது என்று அந்தப் பட்டறைக்குச் சொன்னவன் நான்.

அதன் பிறகு அது என் வேலையானது. அதைச் செய்யும் முறையை இன்றும் என்னால் தூக்கத்தில் சொல்ல முடியும். காய் காலையிலேயே கொத்தவால்சாவடியில் வாங்க வேண்டும். வெள்ளரியை விரலால் சுண்டினால் சத்தம் கேட்க வேண்டும். ஐஸை ராயபுரத்தில், படகுகளுக்குக் கொடுக்கும் இடத்தில் வாங்கி, மரத்தூள் போட்டுச் சாக்கில் சுற்றிக்கொண்டுவர வேண்டும். மாங்காயும் வெங்காயமும் முதலில், வெள்ளரி அடுத்து, நுங்கும் தர்பூசணியும் கடைசியில். ஈரத்துணி போட்டு மூடிப் பேசினை ஐஸ் மேல் வைக்க வேண்டும். உப்பு மட்டும் கூடாது. மீன் நெருப்பை விட்டு இறங்கும் போதுதான் உப்பு. முன்னால் போட்டால் காய் அழுதுவிடும். தண்ணீர் விட்டு, துவண்டு, நுங்கு வழுவழுத்து, கழுநீர்ப் பானை மாதிரி ஆகிவிடும். இதை நான் வீட்டில் ஒருமுறை கெடுத்துப் பார்த்துத் தெரிந்துகொண்டேன்.

மூன்று கோடை நான்தான் செய்தேன். நாலாவது கோடையில் அந்த அக்கா வந்தாள்.

அவள் பக்கத்து மீனவர் குப்பத்துப் பெண். புருஷன் கட்டுமரத்தில் போகிறவன். காலையில் குப்பத்தில் மீனுக்கு உப்பு வைத்துக் கருவாடு காயப்போடுவாள். மதியம் எங்கள் பட்டறை வாசலுக்குக் கூடையோடு வந்து வெள்ளரிக்காயும் மாங்காயும் கீறி விற்பாள். வாசலுக்கு வெளியே ஒரு பொட்டு நிழல் கிடையாது. தார் ரோட்டில் வெறுங்காலை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டு நிற்பாள். போலீஸ்காரன் வந்தால் கூடையைத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும். வாசலுக்கு உள்ளே, வேப்பமரத்தடியில், தண்ணீர்க் குழாய்க்குப் பக்கத்தில் ஒரு தகரக் கொட்டகை சும்மா கிடந்தது. அதைக் கேட்டு ஃபோர்மேனை நச்சரித்துக்கொண்டே இருந்தாள்.

வாய் பெரிய வாய். நான் ஒருநாள் மீந்த கலவையைக் கொண்டுபோய் ருசி பார்க்கக் கொடுத்தேன். பாராட்டுவாள் என்று நின்றேன். அவள் ஒரு வாய் மென்றுவிட்டுச் சொன்னாள்:

“இன்னா நைனா, மாங்காய இம்மாம் பொடியா அரிஞ்சு வெச்சுகீற? பல்லு போன கெய்வனுக்கா?”

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் அன்று இரவு அந்தச் சிரிப்பு எனக்குச் செரிக்கவில்லை.

அந்தக் கோடையில் மீன் சுடுற நாளுக்கு முதலாளியே வருவதாக இருந்தது. ஃபோர்மேன் என்னைக் கூப்பிட்டு, இந்தத் தடவை கலவையை அந்த அம்மா செய்யட்டும், நீ கூட இருந்து பார்த்துக்கொள் என்றார். முதலாளிக்குப் பிடித்திருந்தால் அங்கேயே கொட்டகைக்குச் சம்மதம் வாங்கிவிடலாம் என்பது அவர் கணக்கு. நான் சரி என்றேன். கொட்டகை அவளுக்குக் கிடைப்பதில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. முதலாளி வந்து “இது யார் செய்தது?” என்று கேட்கும்போது எல்லோர் விரலும் வேறு பக்கம் நீளுமே, அதைத்தான் தாங்க முடியவில்லை.

அவள் செய்தது என்னுடையதைவிட நன்றாக இருந்தது. மாங்காயைக் கட்டைவிரல் பருமனுக்குக் கீறினாள். வெள்ளரியை நீளவாக்கில் நாலாக வகிர்ந்தாள். என் தலையில் தோன்றாத ஒன்றையும் சேர்த்தாள்: கொடுக்காப்புளி. கொட்டையை எடுத்துவிட்டு, வெள்ளையும் சிவப்புமாக ஒரு கூடை. கூடவே பச்சைமிளகாயை நசுக்கிப் போட்டாள். ஒரு துண்டு எடுத்து வாயில் போட்டதுமே எனக்குத் தெரிந்துவிட்டது. மூன்று வருடமாக நான் செய்தது பள்ளிக்கூடத்துப் பிள்ளை செய்தது.

வெயில் தாழ்ந்தது. நெருப்பு மூட்டியாயிற்று. சுடுவதற்கான மீனை அவள் புருஷன்தான் கொண்டுவர வேண்டும். கட்டுமரம் கரைக்கு வருவது தெரிந்ததும், அவள் புடவையை இடுப்பில் செருகிக்கொண்டு கிளம்பினாள்.

“உப்பு பக்கம் ஒருத்தனையும் வுடாத நைனா. மீனு எறங்கட்டும், நானே வந்து போட்டுக்கறேன்” என்றாள்.

எல்லோரும் நெருப்பைச் சுற்றி நின்றார்கள், என்னை யாரும் பார்க்கவில்லை. நான் துணியை விலக்கி, ஒரு கைப்பிடி உப்பை அள்ளிப் போட்டு, அடிவரைக்கும் கிளறிவிட்டு, துணியை முன்போலவே மூடினேன். துணியின் முனையைக்கூட நேராக இழுத்துவிட்டேன். அதுதான் இன்றைக்கும் என்னை உறுத்துகிறது. அவ்வளவு நிதானமாகச் செய்தேன்.

மீனை ஆய்ந்து, மசாலா தடவி, சுட்டு எடுக்க நன்றாக ஒரு மணி நேரம் ஆகிவிட்டது. முதலாளி நாற்காலியில் உட்கார்ந்தார். அவள் பெருமையாகத் துணியை எடுத்தாள். உள்ளே எல்லாம் தண்ணீரில் மிதந்தது. தர்பூசணி வெளுத்துச் சுருங்கிக் கிடந்தது. அவள் விரலை விட்டு நக்கிப் பார்த்தாள். அதற்குள் ஃபோர்மேன் ஒரு கரண்டி எடுத்து முதலாளிக்குக் கொடுத்துவிட்டார். அவர் வாயில் போட்டவர், மெல்லாமல் கைக்குட்டையில் துப்பிவிட்டு, மீன் நன்றாக இருக்கிறது என்றார்.

அவள் என்னிடம் வந்தாள். சத்தம் போடவில்லை.

“யாராச்சும் தொட்டாங்களா நைனா?”

“இல்லையே அக்கா. நான் இங்கேயேதான் இருந்தேன்.”

நெருப்புக்குப் பக்கத்திலிருந்து ஃபிட்டர் ஒருவன், எப்போதும் எதையாவது சொல்லிச் சிரிக்கவைப்பவன், குரல் கொடுத்தான்: “காலீல கருவாட்ல ஊறுன கையி. அத்த வுட்டுக் கலக்குனா உப்பு எங்கேர்ந்து வரும், ஆகாசத்துலேர்ந்தா?”

எல்லோரும் சிரித்தார்கள். அவள் தன் இரண்டு கைகளையும் முகத்துக்குக் கொண்டுபோய் முகர்ந்து பார்த்தாள். முதலில் ஒரு கை, பிறகு மறு கை. உப்புக்காரப் பெண்ணின் கை உப்பாகத்தான் இருக்கும் என்று, கடலோரத்தில் பிறந்து வளர்ந்த அத்தனை பேரும் அந்த நிமிடத்தில் நம்பிவிட்டார்கள். அவளும் பாதி நம்பிவிட்டாள். நான் சொல்லியிருக்க வேண்டிய இடம் அதுதான். நான் அடுத்த வருடத்துக்கு மாங்காய் எங்கே வாங்குவது என்று ஃபோர்மேனிடம் பேசிக்கொண்டிருந்தேன்.

கொட்டகை போயிற்று. அதோடு நின்றிருந்தால் ஒருவேளை நான் மறந்திருப்பேன். ‘உப்புக்கை’ என்ற பெயர் அவளுக்கு ஒட்டிக்கொண்டது. கூடையை இறக்கினால் யாராவது ஒருவன், எனக்கு உப்பு தனியா வேண்டாம், நீ தொட்டுக் குடுத்தா போதும் என்பான். வாங்குகிறவர்கள் குறைந்தார்கள். அவள் சாம்பல் போட்டுத் தேய்த்துக் கழுவிவிட்டு, வெள்ளரியைக் கீறும் முன் கையை விரித்துக் காட்ட ஆரம்பித்தாள். பரீட்சைக்கு நிற்கும் பிள்ளை மாதிரி. பிறகு கருவாட்டு வேலையை நாத்தனாரிடம் விட்டுவிட்டாள் என்று கேள்விப்பட்டேன். காலை வருமானமும் போயிற்று. அப்படியும் யாரும் திரும்பி வரவில்லை.

நான் பரிகாரம் என்று முதலில் செய்தது கோழைத்தனம். தினமும் அவளிடம் கூடை கூடையாக வாங்கினேன். அவள் ஒருநாள் என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

“ஒல்லிப்பிச்சான் ஆளு நீ. இம்மாம் வெள்ளரியும் எங்க போவுது? வூட்ல மாடு கீதா?”

மாட்டுக்குத்தான் போட்டுக்கொண்டிருந்தேன், எதிர் வீட்டு மாட்டுக்கு. அது அவளுக்குத் தெரிந்தபோது என்னிடம் விற்பதை நிறுத்திவிட்டாள். பிச்சை வாங்குகிற ஆள் அவள் இல்லை.

அடுத்த கோடை வந்தது. ஃபோர்மேன் வழக்கம்போல என்னைக் கலவை செய்யச் சொன்னார். மீன் சுடுற நாள் காலையில் கொத்தவால்சாவடிக்குக் கிளம்பினேன். பாதி வழியில் பஸ் நிறுத்தத்தில் நின்றுகொண்டிருந்தபோது என்னால் மேலே போக முடியவில்லை. திரும்பி நடந்து குப்பத்துக்குப் போனேன். அவள் வீட்டு வாசலில் வலையில் சிக்கியிருந்த பாசியை எடுத்துக்கொண்டிருந்தாள். நான் நின்றுகொண்டே சொன்னேன். உப்பைப் போட்டது நான், எதற்காகப் போட்டேன், அவள் கேட்டபோது பொய் சொன்னேன், எல்லாவற்றையும். மன்னிப்புக் கேட்டேனா என்று எனக்கு நினைவில்லை. கேட்டிருப்பேன்.

அவள் கை நிற்கவில்லை. பாசியை எடுத்துக்கொண்டே இருந்தாள். வலையைப் பார்த்தபடியே பேசினாள்.

“ஒரு வருசமா என் கைய நானே மோந்து பாத்துகினு கீறேன். பொண்ணுக்குச் சோறு பெசஞ்சு குடுக்கச் சொல்ல கூட மோந்து பாக்கறேன். தெரியுமா உனுக்கு?”

ஒரு கொத்துப் பாசியைப் பிய்த்து எறிந்துவிட்டு மேலே சொன்னாள்:

“என்னாண்ட சொல்லி இன்னா ஆவப் போவுது? சிரிச்சவன் அத்தினி பேரும் அங்க தான கீறான். அவங்களாண்ட போய்ச் சொல்லு.”

சொல்கிறேன் என்றேன். நீங்களும் வர வேண்டும், கலவையை நீங்கள்தான் செய்ய வேண்டும் என்றும் கேட்டேன். அவள் வலையைச் சுருட்டிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். வருவாளா மாட்டாளா என்று தெரியாமலே ஃபோர்மேனிடம் போய், இந்த வருடமும் அவள்தான் செய்கிறாள் என்று சொன்னேன். போன வருடம் பட்டது போதாதா என்றார். மாலையில் காரணம் சொல்கிறேன் என்றேன்.

அன்று மாலை நெருப்பு மூட்டும் முன்னால், முதலாளி வந்து உட்கார்ந்ததும், நான் எழுந்து நின்றேன். எனக்கு மேடைப் பேச்சு வரும். கல்லூரியில் பரிசு வாங்கியிருக்கிறேன். அன்று நாலு வாக்கியம்தான் வந்தது. போன வருடம் பேசினில் உப்பைப் போட்டவன் நான். அக்கா கையில் ஒரு குற்றமும் இல்லை. என்னுடையதைவிட அவர்கள் செய்தது நன்றாக இருந்தது என்ற பொறாமையில் செய்தேன். கேட்டபோது பொய் சொன்னேன்.

போன வருடம் கேலி செய்த ஃபிட்டர் சிரிக்கத் தொடங்கி, பாதியில் நிறுத்திவிட்டு, மணலில் துப்பினான். என் பக்கமாகத்தான் துப்பினான். முதலாளி என்னைப் பார்க்கவே இல்லை. ஃபோர்மேன் ஆங்கிலத்தில் ஒரு வார்த்தை சொன்னார். அதை இங்கே எழுத முடியாது. எனக்கு அது பொருந்தும்.

அப்போது அவள் தோப்பு வழியாக வந்தாள். தலையில் கூடை. முழங்கை வரைக்கும் மீன் செதில் ஒட்டிக்கொண்டு பளபளத்தது. காலையில் நான் போய்ச் சொன்ன பிறகு, மறுபடி கருவாட்டுக்கு உப்பு வைத்துவிட்டு, அந்தக் கையோடு வந்திருந்தாள். முதலாளியின் நாற்காலிக்கு நேர் எதிரே உட்கார்ந்து, இரண்டு கைகளையும் எல்லோருக்கும் தெரிகிற மாதிரி திருப்பித் திருப்பிக் காட்டினாள். பிறகு எங்கள் ஐஸ் தண்ணீரில் ஒரே ஒரு தடவை அலம்பினாள். சாம்பல் இல்லை, தேய்க்கவில்லை. அரிவாள்மனையைப் போட்டு நறுக்க ஆரம்பித்தாள். மாங்காய், வெள்ளரி, வெங்காயம், நுங்கு, தர்பூசணி, கொடுக்காப்புளி. அடிவரைக்கும் கை விட்டுக் கலந்தாள். துணி போட்டு மூடிவிட்டுப் பக்கத்திலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டாள்.

“இன்னா பாக்கறீங்க? மீன சுடுங்க” என்றாள்.

மீன் சுட்டு முடியும் வரை ஒருவரும் அந்தப் பக்கத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. கடைசியில் துணியை எடுத்தாள். நறுக்கிப் போட்டது போட்ட மாதிரியே இருந்தது. ஒவ்வொரு துண்டும் நிமிர்ந்து நின்றது. அதன் பிறகுதான் உப்பை எடுத்து, எல்லோரும் பார்க்க, தலைக்கு மேலிருந்து தூவினாள். எலுமிச்சை பிழிந்தாள். இலையில் வைத்த முதல் பங்கை முதலாளிக்குக் கொடுக்கவில்லை. அந்த ஃபிட்டருக்குக் கொடுத்தாள். அவன் தின்றுவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டு, இன்னும் கொஞ்சம் போடு என்றான். முதலாளி இரண்டு தடவை வாங்கித் தின்றார்.

அந்த மாலையை நினைத்தால் இந்த வயதிலும் எனக்குப் பெருமையாக இருக்கிறது. எழுந்து நின்று சொன்னேனே என்பதில் பெருமை இல்லை. அது ஒரு வருடம் தாமதம். அவளை அந்த நெருப்புக்கு எதிரில், அந்தக் கையோடு, என் கண்ணால் பார்த்தேனே, அதில்தான். உலகத்தில் எத்தனையோ விருந்துகளில் பிறகு உட்கார்ந்திருக்கிறேன். வெள்ளித் தட்டில் சாலட் வைத்த இடங்களும் உண்டு. அப்படி ஒரு கலவையை எங்கேயும் தின்னவில்லை.

கொட்டகை அவளுக்குக் கிடைத்தது. வேப்ப நிழலில் வெள்ளரியும் மாங்காயும் போக, மோரும் வைத்தாள். மத்தியான வேளையில் இடம் கிடைக்காது. ‘உப்புக்கை’ என்ற பெயரை அவளே எடுத்துக்கொண்டாள். உப்புக்கை கடையாண்ட வா என்று வாசலில் நின்று கூவுவாள். இப்போது கேலி பேசியவனுக்குத்தான் வெட்கமாக இருந்தது.

என் வேலை போகவில்லை. ஆனால் பட்டறையில் யாரும் ஒரு பொருளை என் பொறுப்பில் விட்டுவிட்டுப் போக மாட்டார்கள். சாப்பாட்டுப் பாத்திரத்தை நான் கடந்து போனால்கூட ஒரு கை நீண்டு மூடியை வைக்கும். அந்தக் கை சிலசமயம் விளையாட்டுக்கு நீண்டது, சிலசமயம் விளையாட்டுக்கு இல்லை. அக்கா என்னிடம் வியாபாரம் மட்டும் பேசினாள். நைனா என்று அவள் பிறகு என்னைக் கூப்பிடவே இல்லை. சார் என்றாள். மன்னித்தாளா என்று நான் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

மீன் சுடுற நாளில் பேசின் பக்கம் போக எனக்கு அனுமதி இல்லை. நானும் கேட்கவில்லை. எனக்கென்று ஒரு வேலை கொடுத்தார்கள். பனையோலை விசிறியை எடுத்துக்கொண்டு கரி அணையாமல் விசிற வேண்டும். புகையில் கண் எரியும். மீன் தின்னாதவன் மீன் அடுப்புக்கு விசிறுவதைப் பார்த்து எங்கள் அப்பாவிடம் யாரோ போய்ச் சொன்னார்கள். அவர் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

பல வருடம் கழித்து, பம்பாயிலிருந்து புதிதாக வந்த அதிகாரி ஒருவர் அந்தக் கலவையைத் தின்றுவிட்டு, இது யார் கைப்பக்குவம் என்று கேட்டார். அக்கா வாய் நிறைய மென்றுகொண்டே தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டினாள். அவர் புகைக்கு நடுவில் நின்ற என்னைப் பார்த்து, படித்தவர் மாதிரி இருக்கிறாரே, இவர் யார் என்றார்.

“அவுரா? அவுரு நெருப்பு விசுர்றவரு” என்றாள்.

ஆமாம் சார் என்று சொல்லிவிட்டு, நான் விசிறினேன்.